ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஆன்டிபாடி எவ்வளவு வேண்டும்?

நர்ஸாகவோ லேப் டெக்னீஷியனாகவோ வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: "தடுப்பூசி போட்டாச்சு. ஆன்டிபாடி எவ்வளவு இருந்தால் பயமில்லை?" இதற்கான பதில் நோய்க்கு நோய் மாறும்.

முதலில் கொரோனா. இஸ்ரேலின் ஷெபா மருத்துவமனையில் ஃபைசர் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்ட ஊழியர்களில் 1,497 பேரைப் பரிசோதித்ததில் 39 பேருக்குத் தொற்று இருந்தது. தொற்று வந்த சமயத்தில் அவர்களின் ஆன்டிபாடி, தொற்றாத சக ஊழியர்களைவிடக் குறைவாக இருந்ததாக 2021இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. ஆனாலும் ஒருவரைக்கூட ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரவில்லை. அதே ஆண்டு வேலூர் சி.எம்.சி. ஊழியர்களிடம் பார்த்தபோது, இரண்டு தவணை தடுப்பூசி தொற்றிலிருந்து 65 சதவீதமும், ஐ.சி.யூ. வரை போகாமல் 94 சதவீதமும் காத்தது. ஆன்டிபாடி இறங்கினால் தொற்றும் வாய்ப்பு கூடும், உண்மைதான். ஆனால் இந்த எண்ணைத் தாண்டினால் தொற்றவே தொற்றாது என்ற எல்லைக்கோடு கொரோனாவுக்குக் கிடையாது. அதை அறியப் பணம் கொடுத்து டெஸ்ட் எடுப்பது வீண்.

ஹெபடைடிஸ் பி எனும் மஞ்சள் காமாலையில் கதை வேறு. இந்நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஊழியரின் கையில் குத்தினால், 100 பேரில் 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். ஆனால் இதற்குத் தெளிவான அளவு இருக்கிறது. மூன்றாம் தவணை முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து, 10 யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. (ரிப்போர்ட்டில் மில்லி இன்டர்நேஷனல் யூனிட் என்று இருக்கும்.) பிறகு அது குறைந்தாலும், ஆரோக்கியமானவர்களுக்குக் கவலையில்லை. இந்தக் கிருமி உடலில் பரவ வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நினைவு செல்கள் விழித்துக்கொண்டு புதிதாக ஆன்டிபாடியைத் தயாரித்துவிடும். கொரோனா சில நாட்களிலேயே மூக்கிலும் தொண்டையிலும் பெருகிவிடுவதால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

10க்குக் கீழ் இருந்தால் மறுபடி தடுப்பூசி போட்டு, மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் ஏறாதவர்கள் சிலர் உண்டு. ஊசி குத்தினால் அவர்களுக்குத் தயார்நிலை ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலின் தேவைப்படலாம். அதையும் 24 மணி நேரத்துக்குள் போடுவதே நல்லது.

மூன்று தவணை போட்ட கார்டைப் பத்திரமாக வைத்திருக்கும் பலர் இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் எடுப்பதில்லை. உங்கள் பிள்ளையிடம் இன்றே கேளுங்கள். ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். வேலை போய்விடுமோ என்று மறைக்காமல், அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் மேலதிகாரியிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள்.