உப்பளத்திற் கற்ற பாடம்

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையூர். அதன் உப்பளங்களில், பாத்தி பாத்தியாகக் காயும் உவர்நீர் போமே என்னும் அளவையில் ஏறத்தாழ 25 டிகிரியை எய்தும்போது உப்பு விளையத் தொடங்கும். அப்பதத்தை அறிவதே இத்தொழிலின் உயிர்நிலை.

பொறியியல் மாணவர் தொழிற்களத்திலும் பயிற்சி பெற வேண்டும் என்று, 2018ஆம் ஆண்டில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் வகுத்தது. அதன் பயனை இவ்வுப்பளமே விளக்கும்.

கணிப்பொறியும் மின்னணுவியலும் பயிலும் மாணவன் ஒருவன், உவர்நீரின் செறிவை அளக்கும் கருவி செய்ய இங்கு வந்தான் என்று கொள்வோம். உப்பு மிகுந்தால் நீரில் மின்சாரம் எளிதிற் பாயும் என்பது அவன் பெற்ற நூலறிவு. ஆய்வுக்கூடத்தில் கருவி பிழையின்றி இயங்கியது. களத்திலோ வெயில் குறுக்கிட்டது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 2 விழுக்காடு உயரும். ஆதலின் காலையிலும் நண்பகலிலும் ஒரே நீர் வெவ்வேறு அளவு காட்டியது. உப்பு விளையும் பதத்திலோ, செறிவு கூடியும் கருவியின் அளவு ஏறவில்லை. உப்புக்காற்று செம்புக் கம்பிகளை அரித்தது. அவன் திகைத்து நிற்க, உப்பளத் தொழிலாளி நீர்மமானியை மிதக்கவிட்டுப் பதத்தைச் சொல்லிவிட்டார்.

மாணவன் நாணவில்லை, அவரிடம் வினவிக் கற்றான். நீரின் அடர்த்தியை அளக்குமாறு கருவியை மாற்றினான், வெப்பத்திற்கேற்பக் கணக்கைத் திருத்தினான், கம்பிகளுக்கு உறையிட்டான். தொழிலாளி சொன்ன பதமும் கருவி காட்டிய அளவும் ஒத்த நாளிலேயே அவன் பயிற்சி நிறைவுற்றது. சான்றிதழ் அந்நிறைவின் அடையாளமேயன்றி, அதுவே நிறைவாகாது.