ஆர்எக்ஸ் 100-க்கு சைலன்சர் வாங்கும் முன்

யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் வேறு கம்பெனி சைலன்சர்கள் இன்றும் கிடைக்கின்றன. பார்த்ததும் பணத்தை நீட்டிவிடாதீர்கள். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலிண்டரில் பொருந்தும் வாய், வளைவு, சேஸிஸில் மாட்டும் போல்ட் துளை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஆர்எக்ஸ் 135-க்கு உரியதை எடுத்துக்காட்டி, "இதையே மாட்டிக்கலாம் சார்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் வெறும் புகைக்குழாய் அல்ல. நடுவே பருத்துப் பிறகு குறுகும் அந்த வடிவம்தான், வெளியே நழுவும் பெட்ரோல் கலவையைத் திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வடிவம் மாறினால் இழுவை போய்விடும். மாட்டும்போது கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காபிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கார்ப்பரேட்டரில் பெரிய ஜெட் போடச் சொல்லுங்கள். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சைலன்சருக்குள் இரைச்சலைக் குறைக்கும் பேஃபிளை எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள். இரைச்சலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பழைய சைலன்சரில் துரு ஓட்டை இல்லையென்றால், முதலில் உள்ளே அடைந்த கரியைச் சுத்தம் செய்து பாருங்கள். புதிது வாங்கும் செலவே மிச்சமாகலாம்.