அமெரிக்க ராணுவப் பழஞ்சீருடை வாங்குவோருக்கு

இரண்டாம் உலகப்போர் முதல் வியட்நாம் போர் வரையிலான அமெரிக்கச் சீருடைகளைச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கான குறிப்புகள் இவை. விற்பவர் சொல்லும் கதையைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்; ஆனால் தையலையும் முத்திரையையும் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

1. முதலில் லேபிளைத் தேடுங்கள். கழுத்துப் பட்டையின் உட்புறத்திலோ பையின் உள்ளேயோ இருக்கும். வியட்நாம் கால உடைகளில் 'டிஎஸ்ஏ 100-67-சி' என்பதுபோல் ஒப்பந்த எண் தொடங்கும். நடுவில் உள்ள 67 நிதியாண்டைக் குறிக்கும். அன்று அமெரிக்க நிதியாண்டு ஜூலையில் தொடங்கியதால், 1966 ஜூலை முதல் 1967 ஜூன் வரை என்று கொள்ள வேண்டும். 'டிஎல்ஏ' என்றிருந்தால் அது 1977க்குப் பிந்தையது.

2. லேபிளில் உள்ள பொருள் எண்ணையும் எண்ணிப் பாருங்கள். 11 இலக்கம் என்றால் பழைய முறை. 13 இலக்க முறை 1974இல்தான் வந்தது.

3. லேபிள் கிழிந்துபோன ஃபீல்டு ஜாக்கெட்டை எப்படி அடையாளம் காண்பது? முன்புறம் ஜிப் இல்லாமல், பொத்தான்கள் துணி மடிப்புக்குள் மறைந்திருந்தால் எம்-1943. ஜிப்பும் அதன்மேல் அழுத்துப் பொத்தான்களும் இருந்து, மணிக்கட்டில் சாதாரணப் பொத்தான் இருந்தால் எம்-1951. மணிக்கட்டில் வெல்க்ரோ, காலருக்குள் சுருட்டி வைத்த தலைமூடி இருந்தால் எம்-65.

4. எம்-1 ஹெல்மெட்டுக்கு அதிக நேரம் கொடுங்கள். போர்க்காலத்தில் மட்டும் 2 கோடிக்கும் மேல் செய்யப்பட்டதால் கிடைப்பது எளிது. சரியான காலத்தைச் சேர்ந்ததைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். விளிம்பைச் சுற்றியுள்ள உலோகப் பட்டையின் இரு முனைகளும் எங்கே சேர்கின்றன என்று பாருங்கள். நெற்றிப் பக்கம் என்றால் பழையது. 1944இன் பிற்பகுதியில்தான் அந்த இணைப்பு பின்பக்கம் போனது. தாடைப் பட்டை மாட்டும் வளையம் அசையாமல் இருந்தால் இன்னும் பழையது. அசையும் வளையம் 1943இன் பிற்பகுதியில் வந்தது. உள்ளே முன்பக்க விளிம்பருகே குத்திய எண் இருக்கும். மெக்கார்டு, ஷ்லூட்டர் என்ற இரண்டே நிறுவனங்கள் போர்க்கால ஹெல்மெட்டுகளைச் செய்தன. எண்ணோடு 'எஸ்' என்ற எழுத்து இருந்தால் ஷ்லூட்டர். கையோடு ஒரு சிறு காந்தமும் கொண்டுபோங்கள். மாங்கனீஸ் எஃகு என்பதால் அசலில் காந்தம் சரியாக ஒட்டாது. பின்னாளில் ஐரோப்பாவில் செய்த நகல்கள் பலவற்றில் நன்றாக ஒட்டும்.

5. தோள்பட்டைச் சின்னங்களில் ஓரத்தைக் கவனியுங்கள். கயிறு வைத்ததுபோல் தடித்த ஓரத்தையல் 1960களுக்குப் பிறகே பரவலானது. அப்படிப்பட்ட ஒன்றை நார்மண்டியில் அணிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சீனா-பர்மா-இந்தியா போர்முனையின் சின்னம் மட்டும் தனி அழகு. சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும் சிவப்பு-வெள்ளைப் பட்டைகளின்மேல் இருக்கும். அமெரிக்க வீரர்கள் கல்கத்தா போன்ற ஊர்களில் நம் கைவினைஞர்களிடம் சரிகை வேலையில் செய்து வாங்கியவை அவற்றில் உண்டு. இயந்திர எம்ப்ராய்டரியைவிட அவற்றையே நான் மேலாக மதிக்கிறேன்.

6. புற ஊதா டார்ச் உதவும். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். புதிய செயற்கை நூல் நீலவெள்ளையாக ஒளிரும். இன்றைய சோப்புத்தூளில் துவைத்த அசல் பருத்தித் துணியும் அப்படியே ஒளிரும்.

7. கேன்வாஸ் பெல்ட், பை, குடுவை உறை ஆகியவற்றில் செய்தவர் பெயரும் ஆண்டும் மையால் அச்சிடப்பட்டிருக்கும். துணி வெளுத்து மை மட்டும் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

8. துவைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. பெயரின் முதல் எழுத்தும் படை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் சேர்ந்த சலவைக்குறி உடைக்குள் மையில் இருக்கும். அணிந்தவரைக் கண்டுபிடிக்க பல நேரம் அதுவே ஒரே வழி. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். பித்தளையையும் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்.

9. கம்பளிக்கு அந்துப்பூச்சிதான் எமன். புதிதாக வாங்கியதைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் குளிர் முழுதும் தணிந்த பிறகே பையைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியில் ஈரம் கோர்க்கும். அதன்பின் பிளாஸ்டிக்கில் வைக்காமல், துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

10. ஒளிரும் முகப்புள்ள பழைய கைக்கடிகாரம், திசைகாட்டி ஆகியவற்றில் ரேடியம் இருக்கலாம், திறந்து சுரண்டாதீர்கள். பழைய வாயு முகமூடியை விளையாட்டுக்குக்கூட அணியக் கூடாது.

11. அமெரிக்காவில் 'மெடல் ஆஃப் ஹானர்' பதக்கத்தை விற்பதும் வாங்குவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். யாராவது கொண்டுவந்தால் விலகிவிடுங்கள்.

12. ஒரே வீரரின் ஜாக்கெட், அடையாளத் தகடு, கடிதம், புகைப்படம் ஒன்றாகக் கிடைத்தால், தனித்தனியாக விற்றால் லாபம் கூடும் என்று பிரிக்காதீர்கள். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில், 1912 முதல் 1960 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்துவிட்டது. அவர்களில் பலருக்கு உங்கள் பெட்டியில் உள்ளதே மிஞ்சிய ஆவணமாக இருக்கலாம். பெயர், எண், யாரிடமிருந்து வந்தது, எந்த நாளில் என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி, அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.