அடைபட்ட களமும் அதை அறிந்த கையும்

மணலி புதுநகரில் வாழ்ந்துகொண்டு, தம் முதல் படத்தை ஒரே இடத்தில், ஒரே இரவில் நடக்கும் சண்டைப்படமாக எடுக்க முனைந்திருக்கும் இளம் இயக்குநருக்கு எழுதப்படும் கடிதம்.

அடைபட்ட களம் என்ற சொல் இங்கே கதைமாந்தர் விரும்பினாலும் விட்டு வெளியேற முடியாத இடத்தைக் குறிக்கிறது. அந்த இடம் சிறியதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும் லாரிகூட உள்ளிருப்பவர் இறங்கமுடியாத வரையில் அடைபட்ட களமே. முதல் படம் எடுப்பவர்கள் இத்தகைய களத்தைத் தேடுவதற்குப் பெரும்பாலும் செலவுக்கணக்கே காரணமாகிறது. ஓர் இடம், சில நடிகர்கள், குறைந்த படப்பிடிப்பு நாட்கள் என்று தயாரிப்பாளரிடம் சொல்ல எளிதாக இருக்கிறது. அக்கணக்கில் தவறில்லை, ஆனால் சீட்டு வாங்கி உட்காரும் பார்வையாளருக்குத் தயாரிப்பாளரின் சிக்கனத்தால் எந்த இன்பமும் கிடைப்பதில்லை. அவருக்கு இன்பம் எங்கிருந்து வருகிறது என்பதைத் திரைக்கதையின் முதல் பக்கத்துக்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

இதற்கான விடையின் பெரும்பகுதி தமிழ் இலக்கணத்திலேயே கிடக்கிறது. கோட்டையை முற்றுகையிடுவதை உழிஞை என்றும், உள்ளிருந்து அதைக் காப்பதை நொச்சி என்றும் புறப்பொருள் நூல்கள் பெயரிட்டன. அகழி, மதில், மதிலில் சாத்தும் ஏணி, உள்நகர் என்று போர் நகர்ந்து செல்லும் இடங்களைத் தனித்தனித் துறைகளாகவும் வகுத்தன. போரை யார் யாரை வென்றார் என்ற ஒரே கேள்வியாகப் பாராமல், எந்த இடம் கைவிட்டுப்போயிற்று, எந்த இடம் இன்னும் எஞ்சியிருக்கிறது என்று படிப்படியாகப் பார்த்த பார்வை அது. அடைபட்ட களத்துப் படத்தின் அடிப்படை இயக்கமும் இதுவே: இடம் செலவாகிக்கொண்டே வரவேண்டும். முதலில் வெளிக்கதவு, பிறகு மாடிப்படி, பிறகு மின்விளக்கு, பிறகு கடைசித் தோட்டா, பிறகு மூச்சு என்று உள்ளிருப்பவரின் கையிருப்பு ஒவ்வொரு சண்டையிலும் ஒரு பங்கு குறையும்போதுதான் அடுத்த சண்டைக்குப் பொருள் உண்டாகிறது. பத்துச் சண்டைகள் நடந்த பின்னும் கட்டடம் தொடக்கத்தில் இருந்தபடியே இருக்குமானால், அந்தப் பத்தும் ஒரே சண்டைதான்.

அகப்பொருள் இலக்கணம் கூறும் முதற்பொருள், கருப்பொருள் என்னும் பாகுபாடும் இங்கு உதவும். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருள் என்பது அந்த நிலத்துக்கே உரிய உயிர்கள், உணவு, தொழில், கருவி முதலியவை. சண்டைப்படத்தில் ஆயுதங்கள் கருப்பொருளிலிருந்து பிறக்கவேண்டும். வெளியிலிருந்து கொண்டுவரப்படும் துப்பாக்கியைவிட, அந்த இடத்திலேயே பத்து நிமிடத்துக்கு முன் வேறொரு வேலைக்குப் பயன்பட்ட ஒரு பொருள் ஆயுதமாக மாறுவது பார்வையாளருக்குப் பன்மடங்கு மகிழ்ச்சி தருகிறது. ஏனெனில் அந்தப் பொருள் அங்கே இருப்பது அவருக்கு முன்பே தெரியும், தெரிந்தும் அதன் இந்தப் பயன் அவருக்குத் தோன்றவில்லை.

1988-இல் வெளிவந்த ‘டை ஹார்ட்’ இன்றுவரை பாடமாகச் சொல்லப்படுவதற்கு அதில் வெடிக்கும் குண்டுகள் காரணமல்ல. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர், பயணக் களைப்புத் தீரக் காலணியைக் கழற்றிவிட்டுத் தரைவிரிப்பில் நடக்கும்படி நாயகனிடம் சாதாரணமாகச் சொல்கிறார். அவன் அப்படிச் செய்துகொண்டிருக்கும்போதுதான் கட்டடம் கைப்பற்றப்படுகிறது, ஆகவே படம் முழுக்க வெறுங்காலோடு ஓடவேண்டியிருக்கிறது. பின்னர் எதிரி அதைக் கவனித்துவிட்டுக் கண்ணாடிகளைச் சுடச் சொல்லும்போது, பார்வையாளர் தம் பாதத்தையே இழுத்துக்கொள்கிறார். தரை என்னும் எளிய பொருள் மூன்று இடங்களில் மூன்று பொருள் கொண்டிருக்கிறது. எழுத்தின் சாமர்த்தியம் அங்கே இருக்கிறது.

தமிழில் இந்த வகைக்கு நெருங்கிய, வெற்றிகரமான முன்மாதிரி 2019 தீபாவளிக்கு வெளியான லோகேஷ் கனகராஜின் ‘கைதி’. பாடலும் கதாநாயகியும் இல்லாமல் ஓர் இரவில் முடியும் அந்தப் படத்தில் இரண்டு அடைபட்ட களங்கள் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருக்கின்றன: ஒன்று மயங்கிக் கிடக்கும் காவலர்களைச் சுமந்துகொண்டு ஓடும் லாரி, மற்றொன்று போதைப்பொருள் கும்பல் முற்றுகையிடும் திருச்சி ஆணையர் அலுவலகம். சண்டைத்திறன் மிக்க நாயகரான டில்லி லாரியில் இருக்கிறார். ஆனால் அந்த அலுவலகத்தில் இருப்பவர் ஜார்ஜ் மரியான் நடித்த நெப்போலியன் என்னும் முதிய காவலரும், பிடிபட்டு வந்த சில கல்லூரி மாணவர்களும்தாம். மற்றக் காவலர்கள் விலகிப்போய்விட்ட பின், அன்றுதான் அங்கு வந்துசேர்ந்த அந்த மனிதர், இந்த வாயில் தம் பொறுப்பு என்ற ஒரே நினைப்போடு கதவை அடைக்கிறார். அந்தக் கணத்திலிருந்து படத்தின் துடிப்பு அங்கே இடம்பெயர்கிறது என்று துணிந்து கூறலாம். வலியவன் வெல்வான் என்பதைப் பார்வையாளர் முன்பே அறிவார். எளியவர் எத்தனை நாழிகை தாங்குவார் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த அலுவலகக் காட்சிகளுக்கு வெளியுலகில் ஒரு மரபு உண்டு. ஹோவர்ட் ஹாக்ஸ் 1959-இல் எடுத்த ‘ரியோ பிராவோ’வில் ஷெரீப் ஒருவர் சிறையில் ஒரு கைதியை வைத்துக்கொண்டு வெளியிலிருக்கும் கும்பலைச் சில துணைவரோடு எதிர்கொள்வார், அதை மனத்தில் கொண்டு ஜான் கார்பென்டர் 1976-இல் மூடப்படவிருக்கும் காவல் நிலையம் ஒன்றின் முற்றுகையைப் படமாக்கினார், அதன் படத்தொகுப்பாளர் பெயராக ‘ரியோ பிராவோ’ நாயகனின் பெயரையே இட்டுத் தம் கடனை ஒப்புக்கொண்டார். கடன்பெறுவதில் இழிவில்லை. கடன்பெற்றதை எந்த ஊரின் மண்ணில் நடுவது என்பதே கேள்வி. ‘கைதி’யில் டில்லி வண்டி எடுப்பதற்கு முன் ஆற அமரப் பிரியாணி உண்ணும் காட்சி, கடன்பெற்ற கதை இந்த மண்ணில் வேர்விட்டதற்குச் சான்று.

2022-இல் வந்த ‘பீஸ்ட்’ ஒரு வணிக வளாகத்தை எடுத்துக்கொண்டது. வளாகம் பெரிது, நாயகன் அதைவிடப் பெரியவன், ஆதலால் அவன் எந்தத் தளத்தை இழந்தான், எதற்காக அஞ்சினான் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. அடைபட்டவர் அடைப்பைவிட வலியவராகிவிட்டால் களம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. அதற்கு நேர்மாறாக, விமானக் கடத்தலைக் கொண்ட ராதாமோகனின் ‘பயணம்’ (2011) சண்டையைக் குறைத்துப் பயணிகளின் அச்சத்தையும் வேடிக்கையையும் வளர்த்தது. திரையில் வீரம் காட்டும் நடிகர் ஒருவர் உண்மை ஆபத்தில் ஒடுங்கிப்போவது போன்ற நகைச்சுவை, அந்த இருக்கைகளுக்கு இடையிலிருந்தே பிறந்ததால் பதற்றத்தைக் கெடுக்கவில்லை.

இளம் இயக்குநர் வாழும் வடசென்னைக்கு நெருக்கமான சான்று வெற்றிமாறனின் ‘வட சென்னை’ (2018). அதன் சிறைப் பகுதியில் கேரம் பலகை வெறும் பொழுதுபோக்கு அல்ல. யார் யாரோடு உட்காரலாம், எந்தப் பக்கத்துக்கு யார் போகக்கூடாது என்ற எல்லைகள் அனைத்தும் அந்தப் பலகையைச் சுற்றியே காட்டப்படுகின்றன, ஆகவே ஆட்டம் நடக்கும் இடம் தாக்குதலின் இடமாக மாறும்போது பார்வையாளருக்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை. இருந்தாலும் ஒரு மனக்குறையைச் சொல்லியாகவேண்டும். வடசென்னை என்றாலே கத்தி என்று தமிழ்த்திரை பல ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறது. இப்பகுதியின் பெரும்பான்மையோர் கையில் இருப்பது ஸ்பேனரும் கேட் பாஸும் மீன்கூடையும்தான். அந்தக் கைகள் அறிந்ததைத் திரை இன்னும் போதிய அளவு அறியவில்லை.

இளம் இயக்குநரின் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும் செல்வம் இது. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களை நோக்கி வரிசைகட்டும் டிரெய்லர்களையும், அவை சென்றடையும் கன்டெய்னர் யார்டுகளையும் ஓர் அடைபட்ட களமாக எண்ணிப்பார்க்கலாம். 20 அடி நீளமும் 8 அடி அகலமும் எட்டரை அடி உயரமும் கொண்ட கன்டெய்னருக்கு உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் கிடையாது. இரண்டு கதவுகளில் வலக்கதவு இடக்கதவின் விளிம்பை மூடி நிற்பதால் அதையே முதலில் திறக்கவேண்டும். மேல்விளிம்பருகே சிறு காற்றுத்துளைகள் மட்டும் உண்டு, உள்ளே முழு இருட்டு. டிரெய்லரின் மீது பெட்டியைப் பிடித்துவைக்கும் மூலை லாக்குகளை விடுவிக்க மறந்தால், பெட்டியைத் தூக்கும் இயந்திரம் வண்டியையும் சேர்த்தே தூக்கிவிடும். வண்டியின் ஏர் இறங்கிவிட்டால் பிரேக் இறுகிச் சக்கரம் நகராது. குளிர்பதனப் பெட்டிகளின் விசிறி இரவெல்லாம் இரைந்துகொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் அந்த இரைச்சல் ஒரேயடியாக அறுந்து, யாரோ நடக்கும் ஓசை முதன்முறையாகக் கேட்கும்.

இவை ஒவ்வொன்றும் ஒரு சண்டைக்காட்சிக்கான விதை, இவற்றை அறிந்தவர் ஓட்டுநரும் கிளீனரும் கேட் எழுத்தரும் லாக் மாட்டும் தொழிலாளரும். ஆகவே இக்கடிதத்தின் மையமான அறிவுரை இது: நாயகர் அந்த இடத்தை உழைப்பால் அறிந்தவராக இருக்கட்டும், அவருடைய வெற்றி அந்த அறிவிலிருந்தே வரட்டும். முதல் இருபது நிமிடத்தில் ஒரு கிளீனர் அலுப்போடு மூலை லாக்குகளைச் சோதித்துக்கொண்டு போவதைக் காட்டினால் அது அன்றாட வேலையாகத் தெரியும். அதே லாக்குகளை அவர் வேண்டுமென்றே பூட்டியபடி விட்டுவைப்பதை மூன்றாம் பகுதியில் காட்டும்போது, தப்ப முயலும் எதிரியின் வண்டி பெட்டியோடு சேர்ந்து அந்தரத்தில் எழும். அரங்கில் எழும் கைதட்டல் ஒரு தொழிலின் அறிவுக்குக் கிடைக்கும் கைதட்டலாக இருக்கும்.

எதிரியும் அந்த இடத்தைக் கற்றுக்கொள்ளவேண்டும். முதல் மோதலில் ஏமாந்த அதே இடத்தில் அவர் மீண்டும் ஏமாறினால் முற்றுகை பொய்யாகிவிடும். யார்டின் ஒரு வழியை அவர் புரிந்துகொண்ட ஒவ்வொரு தடவையும் நாயகருக்கு ஒரு வழி அடைபடவேண்டும். கூத்தில் விடியவிடிய நடிக்கப்படும் அபிமன்யு கதையில், வியூகத்துக்குள் நுழையத் தெரிந்தவனுக்கு வெளியேறத் தெரியாது என்பது கூடியிருக்கும் ஊர் முழுவதற்கும் தெரியும். முடிவு தெரிந்தும் எவரும் எழுந்துபோவதில்லை, ஏனெனில் ஒவ்வொரு வாயிலாக அவனுக்குப் பின்னே மூடிக்கொண்டு வருவதைப் பார்ப்பதில்தான் அவர்கள் மனம் தைத்திருக்கிறது. திடீர்த் திருப்பங்களை மட்டும் நம்பும் திரைக்கதையாளர் இதைச் சற்று நின்று எண்ணவேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2021 நவம்பரில் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் மணலி புதுநகர் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினர். மேல்தளத்தில் சிக்கிய குடும்பமும், காற்றின் திசை பார்த்து ஓடவேண்டிய தெருவும் சண்டைப்படத்துக்கு இயல்பாகவே பொருந்தக்கூடிய களங்கள் என்பதை மறுக்கமுடியாது. ஆயினும் மூச்சுத்திணறியவர்கள் இன்றும் அதே தெருவில் குடியிருக்கிறார்கள். அவர்களைப் பின்னணிக் கூட்டமாக்கி, வெளியிலிருந்து வரும் ஒருவர் மீட்பதாக எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. அந்த இரவில் கதவைத் தட்டி எழுப்பியவரும், முதியவரைச் சுமந்தவரும், வண்டி எடுத்தவரும் அத்தெருவினரே என்ற நிலையிலிருந்து கதை தொடங்குமானால் அதில் பரபரப்பும் குறையாது, மதிப்பும் கெடாது.

படமாக்கும் முறையைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் வற்புறுத்தலாம். சண்டைக்கு முன்பே, எவரும் ஓடாத அமைதியான நேரத்தில், வாயில் எந்தப் பக்கம், படி எங்கே, வெளிச்சம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பார்வையாளர் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லும்படி ஒரு மாந்தரை அந்த இடம் முழுவதும் நடக்கவிடவேண்டும். பிறகு சண்டையின்போது வெட்டுகள் எவ்வளவு விரைந்தாலும், இடமும் வலமும் மாறாதிருக்கும்வரை அவர் தொலைந்துபோகமாட்டார். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு சார்ட் தாளில் யார்டின் வரைபடத்தை இட்டு, ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் கைவிட்டுப்போன இடத்தைக் கரியால் அடித்துக்கொண்டு வந்தால் போதும். அடிக்கப்படாமல் கடைசிவரை வெள்ளையாகவே நிற்கும் மூலை, எழுதியவர் மறந்துவிட்ட மூலை. அந்தத் தாளைத் தயாரிப்பாளரிடம் காட்டுவதற்கு முன், ஆண்டார்குப்பம் செக்போஸ்ட் அருகே வரிசை நகரக் காத்திருக்கும் ஏதேனுமொரு டிரெய்லரின் நிழலில் அடுப்பு மூட்டியிருக்கும் ஓட்டுநரிடம் விரித்துக்காட்டி, அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று குறித்துக்கொண்டு வரவேண்டும். திருத்தி எழுதவேண்டிய காட்சி அதுதான்.