தி ஹேக் போகும் வழியில் ஒரு செஷன்ஸ் கோர்ட்

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “போர்க்குற்ற வழக்குகளில் வேலை செய்ய ஆசை. பிறகு பேராசிரியராகவும் ஆக வேண்டும். கடன் வாங்கியாவது ஐரோப்பாவில் எல்.எல்.எம். படித்துவிடட்டுமா?”

இப்போது வேண்டாம் அம்மா. முதலில் மூன்று வருடமாவது நல்ல கிரிமினல் வக்கீல் ஒருவரிடம் ஜூனியராக இருங்கள்.

நவநீதம் பிள்ளையின் வாழ்க்கையைப் பாருங்கள். டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பஸ் டிரைவரின் மகள். நிறவெறி ஆட்சி நடந்த 1967-ல் சொந்தமாக அலுவலகம் திறந்து வழக்கு நடத்தத் தொடங்கினார். ஹார்வர்டில் எல்.எல்.எம். முடித்தது 1982-ல்தான். சட்டம் கற்பித்துமிருக்கிறார். 1995-ல், ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்துக்கு நீதிபதியாகத் தேர்வானபோது அவருக்குப் பின்னால் 28 ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் இருந்தது.

அந்த அனுபவம் எதற்கு என்பதை, அங்கே அவரும் ஒரு நீதிபதியாக இருந்து விசாரித்த அக்காயேசு வழக்கு காட்டும். ருவாண்டாவில் தாபா என்ற ஊரின் மேயர் அக்காயேசு. முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. 1997-ல் சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு மூன்று பேர் இழைத்த கொடுமையைச் சொன்னார். நீதிபதிகள் அதைக் கடந்து போகாமல் மேலும் கேட்டார்கள். அந்த ஆண்டே குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-ல் வந்த தீர்ப்பில், ஒரு சர்வதேச நீதிமன்றம் முதல் முறையாக ஒருவரை இனப்படுகொலைக் குற்றவாளி என்று அறிவித்தது. வல்லுறவும் இனப்படுகொலைச் செயலாக அமையலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

அந்தத் தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாட்சியத்தை எப்படி எடைபோட்டார்கள் என்று சொல்லும் பகுதியை முதலில் படியுங்கள். சாட்சிகள் பேசியது கின்யருவாண்டா மொழி. அது பிரெஞ்சுக்குப் போய், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வல்லுறவைக் குறிக்க அவர்கள் நான்கு சொற்களைப் பயன்படுத்தினார்கள். ஒன்றுக்கு நேர்ப்பொருள் படுக்கையைப் பகிர்வது, இன்னொன்றுக்குப் பலவந்தமாக எடுத்துக்கொள்வது. மொழிபெயர்ப்பில் நான்கும் ஒரே சொல்லாகிவிட்டன. ஒவ்வொரு சொல்லும் எந்த இடத்தில் என்ன பொருளில் வந்தது என்று நீதிபதிகள் மொழியியல் நிபுணரின் துணையோடு பார்த்தார்கள்.

நம் ஊர் கோர்ட்டில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. “என்னைக் கெடுத்துட்டான்” என்று கூண்டில் அழுதுகொண்டே சொல்வாள் ஒரு பெண்; பதிவில் அது “பலாத்காரம் செய்தார்” என்று ஏறும். எத்தனை மணி என்று கேட்டால், “பால்காரர் வந்துட்டுப் போயிட்டாரும்மா” என்பார் ஒரு பாட்டி. குறுக்கு விசாரணையில் அதை வைத்தே அவரைப் பொய் சாட்சி ஆக்கப் பார்ப்பார்கள். இதைக் காதால் கேட்டுப் பழகாதவர் எந்தத் தீர்ப்பாயத்திலும் சாட்சியைக் கையாளத் திணறுவார் என்றே நினைக்கிறேன்.

பேராசிரியர் வழியும் மெய்யான வழிதான். யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தின் முதல் தலைவர் அந்தோனியோ கசேசே இத்தாலியச் சட்டப் பேராசிரியர். உள்நாட்டுப் போரில் நடக்கும் கொடுமையும் போர்க்குற்றமே என்று 1995-ல் தாதிச் வழக்கில் முடிவு சொன்ன அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் அவர். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். தி ஹேக் நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் 18 நீதிபதிகளுக்கு முதல் தேர்தல் நடந்தபோது, குற்றவியல் வழக்கு அனுபவம் உள்ளவர்களிலிருந்து குறைந்தது 9 பேர், சர்வதேசச் சட்ட அறிஞர்களிலிருந்து குறைந்தது 5 பேர் என்று அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் உடன்படிக்கை விதித்தது.

அந்த உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் இந்தியக் குடியுரிமை மட்டும் உள்ளவர் அங்கே நீதிபதி ஆக முடியாது. ருவாண்டா தீர்ப்பாயம் 2015-லும் யூகோஸ்லாவியத் தீர்ப்பாயம் 2017-லும் மூடப்பட்டுவிட்டன. இன்று ஆதாரம் திரட்டும் அமைப்புகளிலும் வேலை இருக்கிறது. சிரியாவுக்காக 2016-லும் மியான்மருக்காக 2018-லும் ஐ.நா. அப்படி ஒவ்வொன்றை அமைத்தது. தேசிய நீதிமன்றங்களும் இறங்கிவிட்டன: 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம், சிரிய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வக்கீலின் குழுவையும் ஒதுக்காதீர்கள். குற்றம் சாட்டும் தரப்பின் ஓட்டைகள் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.

பிரெஞ்சை இன்றே தொடங்குங்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பணிமொழிகள். எல்.எல்.எம். உதவித்தொகையோடு கிடைத்தால் பிறகு போய்க்கொள்ளலாம். கடனோடு போனால் ஊதியமில்லாத பயிற்சி வாய்ப்பு வரும்போது ஏற்க முடியாமல் தவிப்பீர்கள்.

அடுத்த விடுமுறையில் ஒரு வாரம் செஷன்ஸ் கோர்ட்டின் பின்வரிசையில் உட்காருங்கள். நோட்டின் இடப்பக்கத்தில் சாட்சி சொன்னதை அவர் சொன்ன வாய்மொழியிலேயே எழுதுங்கள். வலப்பக்கத்தில், நீதிபதி பதிவுக்குச் சொல்லும் வாசகத்தை எழுதுங்கள். இரண்டும் எங்கே பிரிகின்றன என்று கோடிட்டு எனக்கு அனுப்பிவையுங்கள், சேர்ந்து படிப்போம்.