காய்ச்சல் போயிற்று, ருசி வரவில்லை

அன்புள்ள புதுச்சேரி முத்தியால்பேட்டை சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. "உயிர் பிழைத்ததே பெரிது, இதில் நாக்குக்கு ருசி கேட்கிறதா?" என்று உங்களிடம் சொன்னவர்கள் மேல் வந்த கோபம். காய்ச்சல் விட்டு நான்கு மாதமாகியும் குழம்புக்கு உப்புப் போதுமா என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது, இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தூக்கம் கலைகிறது, ரவிக்கைகளெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். இவை நோயின் குறிகள். உடம்பு பலவீனம் என்ற ஒரே சொல்லில் அடக்கி, பி காம்ப்ளக்ஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக் கூடாதவை. இதே தொல்லையைச் சொல்லி வேறு சிலரும் எழுதியிருப்பதால், உங்கள் பெயரை விட்டுவிட்டு எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

வந்தது கொரோனாவா, வேறு காய்ச்சலா என்று பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். இப்போது அது அவ்வளவு முக்கியமில்லை. சாதாரண ஜலதோஷமும் ஃப்ளூவும்கூட மணத்தைக் கொண்டுபோகும் என்பது காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். 2020இல் கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே சமயத்தில் அது நேர்ந்தபோதுதான் உலகம் காது கொடுத்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் நம் மத்திய சுகாதார அமைச்சகமும் மணம், சுவை இழப்பைக் கொரோனாவின் அறிகுறிகளில் சேர்த்தது.

இப்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். வாயை நன்றாக நனைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்காருங்கள். உங்கள் மகள் நாக்கில் ஒரு சிட்டிகை உப்பை வைக்கட்டும். வாய் கொப்பளித்துவிட்டு அடுத்து சர்க்கரை, பிறகு ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு, கடைசியாகப் பாகற்காய்த் துண்டு. எது எது என்று சொல்ல முடிந்தால் உங்கள் நாக்கு உயிரோடுதான் இருக்கிறது. வேலையை நிறுத்தியிருப்பது மூக்கு. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மணம். மென்று விழுங்கும்போது தொண்டையின் பின்பக்கமாக மணம் மேலேறி மூக்கை அடைகிறது. வஞ்சிரக் குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் உள்ள வேறுபாட்டை மூக்குதான் சொல்கிறது. நாக்குக்குத் தெரிவது அவற்றின் புளிப்பும் உப்பும் மட்டுமே. மிளகாய் மட்டும் உறைக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் இதனோடு பொருந்துகிறது. அறுசுவையில் கார்ப்பையும் சேர்த்துச் சொன்னாலும், அதை நமக்கு உணர்த்துவது முகத்தின் தொடுவுணர்வையும் எரிச்சலையும் சுமக்கும் நரம்பு. மணம் போனாலும் அந்த நரம்பு வேலை செய்துகொண்டிருக்கும்.

மூக்கின் உச்சியில், மணமறியும் நரம்பணுக்களைச் சுற்றி அவற்றைத் தாங்கும் துணையணுக்கள் இருக்கின்றன. கொரோனா கிருமி பெரும்பாலும் தொற்றுவது இந்தத் துணையணுக்களில் என்று 2020இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இது நமக்கு நல்ல செய்தி. துணை திரும்ப வளர்ந்தால் நரம்பும் தேறும்; மணமறியும் நரம்பணுக்களே நம் உடம்பில் புதிதாக முளைக்கக் கூடியவைதான். 18 ஆய்வுகளில் இருந்த 3,699 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்த கட்டுரை 2022இல் வெளிவந்தது. அதன் கணக்குப்படி ஒரு மாதத்தில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கும், ஆறு மாதத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவர்களுக்கும் மணமும் சுவையும் திரும்பின. பெண்களுக்கு மீட்சி சற்றுக் குறைவு என்றும் அது சொன்னது. அதை மறைக்க விரும்பவில்லை. நீங்கள் நான்காவது மாதத்தில் இருக்கிறீர்கள். வழி இன்னும் நிறைய இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்தியது காபியைப் பற்றிய வரி. ஒன்றுமே மணக்காமல் இருந்த மூக்கில் இரண்டு மாதம் கழித்து ஏதோ தெரிய ஆரம்பித்தது, ஆனால் ஃபில்டர் காபி கருகிய ரப்பர் மாதிரி நாறுகிறது, வடகம் தாளித்தால் வீட்டைவிட்டே ஓட வேண்டும்போல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். உங்கள் மனம் பேதலிக்கவில்லை. மணம் திரிந்து தெரிவது என்பது இந்நோயின் நன்கு அறியப்பட்ட ஒரு கட்டம். புதிதாக முளைக்கும் நரம்பு இழைகள் இன்னும் முழுமையாகச் சேராத நிலையில், மூளைக்கு அரைகுறைச் செய்தி போகிறது என்று கருதுகிறார்கள். பலருக்கு இது மீட்சியின் தொடக்கமாகவே இருக்கிறது. எல்லா மணமும் ஒரே அளவில் திரிவதில்லை. வறுத்த காபி, வெங்காயம், பூண்டு, பொரித்த இறைச்சி ஆகியவைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. காபியில் உள்ள கந்தகம் கலந்த ஒரு மணப்பொருள் இதற்கு முக்கியக் காரணம் என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கர் குழுவினர் 2022இல் கண்டறிந்தனர். பிரெஞ்சுக்காரர்கள் வதுவான் என்று தங்கள் சமையலறைக்குக் கொண்டுபோன நம் தாளிப்பு வடகத்தில் என்ன இருக்கிறது? வெங்காயமும் பூண்டும். எண்ணெயில் அது சிவக்கும்போது எழும் மணம் உங்களைத் துரத்துவதில் வியப்பேயில்லை.

அதனால் கொஞ்ச காலத்துக்கு வடகத்தை ஒதுக்கி வையுங்கள். தாளிப்பை வேறு யாராவது செய்யட்டும்; அந்த நேரம் நீங்கள் மாடியில் இருங்கள். சூடாக இருக்கும்போது மணம் அதிகம் எழும் என்பதால் ஆறிய உணவு உங்களுக்கு இப்போது எளிது. தயிர்சோறு, கேழ்வரகுக் கூழ், மோர், வெள்ளரிக்காய், அவித்த முட்டை என்று எது ஒத்துக்கொள்கிறதோ அதைச் சாப்பிட்டு எடையைப் பிடித்து நிறுத்துங்கள். மீன் ஒத்துக்கொண்டால் விடாதீர்கள். வாங்கும்போது மட்டும் மூக்கை நம்பாமல், கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூக்குக்குப் பயிற்சியும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர் தாமஸ் ஹும்மல் 2009இல் வெளியிட்ட முறை இது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு மணங்கள். நான்குக்கும் நீங்கள் வெளிநாட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியதில்லை. பெரிய மார்க்கெட்டில் ரோஜாவும் எலுமிச்சையும், நாட்டு மருந்துக் கடையில் கிராம்பும் நீலகிரித் தைலமும் கிடைக்கும். மூடியுள்ள நான்கு சிறு பாட்டில்களில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காலையிலும் இரவிலும் ஒவ்வொன்றையும் பத்துப் பதினைந்து விநாடி மெல்ல முகர வேண்டும். தைலத்தைப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டால் போதும். மூக்குக்குள் எதையும் விடாதீர்கள். முகரும்போது அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று நினைவில் கொண்டுவருவதும் பயிற்சியின் பகுதிதான். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கென்று சொல்லப்படும் வைத்தியங்களில் சான்றும் பாதுகாப்பும் ஒருசேர இருப்பது இதில்தான்.

துத்தநாக மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பயன் சொற்பம். அளவு மீறி மாதக்கணக்கில் தின்றால் உடம்பில் செம்புச்சத்து குறையும்.

இனி வறட்சிக்கு வருகிறேன். பலரும் இதை ருசியின் துணைத்தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. உமிழ்நீரில் கரைந்தால் ஒழிய எந்தப் பொருளும் நாக்கின் சுவைமொட்டுக்குள் போகாது. நாக்கைத் துணியால் ஒற்றிவிட்டு ஒரு கல் உப்பை வையுங்கள், ஊறும்வரை ஒன்றும் தெரியாது. வாய் வறண்டிருக்கும்வரை ருசி மருந்து எதுவும் எடுபடாது. நமக்கு நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை உமிழ்நீர் சுரக்கிறது. சுரப்பிகளை வைரஸ் தாக்குவது புதிதல்ல. குழந்தைகளுக்குப் பொன்னுக்குவீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்களே, அதுவும் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தாக்கும் வைரஸ்தான். கொரோனா கிருமியும் அச்சுரப்பிகளில் தொற்றும் என்று 2021இல் உறுதியானது.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் வைரஸ் மேல் இல்லை. சளி இன்னும் இருப்பதுபோல் தோன்றுவதால் மருந்துக்கடையில் வாங்கிய சளி மாத்திரையை இன்றுவரை இரவில் போட்டுக்கொள்வதாக, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய மாத்திரைகளில் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கிறது. மூக்கொழுகலை நிறுத்தும் அதே வேலையை அது வாயிலும் செய்யும், எச்சிலையும் நிறுத்தும். மருத்துவர் எழுதித் தராமல் நீங்களாக வாங்குவது என்பதால் அதை இன்றே நிறுத்தலாம். நீங்கள் போட்டுக்கொள்ளும் பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அதில் சிறுநீர் போக்கும் மருந்து இருந்தால் வாய் உலரும். மாற்றித் தர முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலினும் இந்த வகையில் சேரும். மூக்கடைப்பால் வாயைத் திறந்து தூங்கினாலும் விடியற்காலையில் நாக்கு கட்டையாகிவிடும்; அதற்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில்.

தண்ணீரைக் குடம்குடமாகக் குடிப்பதைவிட, அடிக்கடி ஒரு மடக்கு குடிப்பது உதவும். சர்க்கரையில்லாத சூயிங்கம் மென்றால் சுரப்பி தூண்டப்படும். புளிப்பு மிட்டாய் வேண்டாம். எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் கரையும், அதுவும் ஈறோரத்தில். ஃபுளூரைடு உள்ள பற்பசையால் இருவேளை துலக்குங்கள். மது கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து, வெற்றிலை பாக்கு, புகையிலை மூன்றும் கூடாது. செயற்கை உமிழ்நீர் ஜெல்லாகவும் ஸ்பிரேயாகவும் கிடைக்கிறது. சுரப்பியில் உயிர் மிச்சமிருந்தால் பைலோகார்பின் மாத்திரை தருவதுண்டு. ஆஸ்துமாவும் சிலவகைக் கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

இதற்கெல்லாம் நீங்கள் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. அதன் அருகிலேயே மகாத்மா காந்தி முதுநிலைப் பல் மருத்துவ நிறுவனம். ஊருக்குள் பாரதி பூங்காப் பக்கம் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை. மூக்குக்குக் காது மூக்கு தொண்டைப் பிரிவு, வறட்சிக்குப் பல் மருத்துவமனையின் வாய்நோய்ப் பிரிவு என்று இரண்டு இடமும் போங்கள். எச்சிலை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது 15 நிமிடத்தில் 1.5 மில்லிலிட்டர்கூட வராவிட்டால் சுரப்பு உண்மையிலேயே குறைவு என்று பொருள். சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை, பி12 ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கண்ணும் உலர்ந்து மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் மறக்காமல் சொல்லுங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பிகளையே தாக்கும் ஷோக்ரன் நோயின் அடையாளமாக அது இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை தனி.

நாக்கை இன்று கண்ணாடியில் பாருங்கள். வெள்ளையாகத் திட்டுத்திட்டாகப் படிந்து, வழித்தால் அடியில் சிவந்திருந்தால் அது பூஞ்சை. வறண்ட வாயிலும், ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும், சர்க்கரைக்காரர்களுக்கும் அது சகஜம். வாயில் தடவும் குளோட்ரிமசோல் மருந்தில் பெரும்பாலும் குணமாகும், ருசியும் ஓரளவு திரும்பக்கூடும். ஆனால் முகம் ஒருபக்கம் வீங்கி வலித்தாலோ, அண்ணத்திலோ மூக்கிலோ கருப்பு தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது கருப்புப் பூஞ்சையாக இருக்கலாம்; 2021இல் அது என்ன செய்தது என்று நாம் பார்த்திருக்கிறோம்.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். கேஸ் கசிந்தால் அம்மாவுக்குத் தெரியாது. இரவில் சிலிண்டரை மூடுவதை வேறொருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். ஊசிப்போனதை அவருக்குப் போடாதீர்கள். ருசி தெரியவில்லை என்று அவர் உப்பைக் கூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிரஷர் இருக்கிறது. சாப்பிடாமல் எழுந்துபோனால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சகோதரி, பல் மருத்துவர் என்ன சொன்னார், சளி மாத்திரையை நிறுத்திய பிறகு இரவு எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள். போடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அட்டையைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் காட்டிவிட்டு, அதன் நகலைக் கடிதத்தோடு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவப் பகுதி ஆசிரியர்