கட்டில் போட்ட வேனுக்கு என்ன பாலிசி?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இப்போது கேம்பர் வேன் ஆசை பரவிக்கிடக்கிறது. 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு பேச்சு இன்னும் கூடிவிட்டது. நாங்களும் ஒரு பயணிகள் வேனில் கட்டில், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், கேஸ் அடுப்பு எல்லாம் பொருத்தி வாகமண், பொன்முடி என்று போய்வருகிறோம். இன்சூரன்ஸ் எப்படி எடுத்தாய் என்று கேட்பவர்களுக்காக இது.

பிரீமியத்தைக் கேட்டதும் எங்கள் ஏஜெண்ட் திருப்பிக் கேட்டது: "அண்ணாச்சி, ஆர்.சி. புக்குல என்ன எழுதியிருக்கு?" அதுதான் சரியான தொடக்கம். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று பதிவில் தனி வகையே உண்டு. வண்டியை மாற்றிவிட்டு, ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் பழைய வகையிலேயே பாலிசி எடுத்தால், க்ளெய்ம் வரும்போது கம்பெனிக்குக் கைவிரிக்கக் காரணம் கிடைத்துவிடும். கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

அடுத்தது உள்ளே இருக்கிற சாமான். நம் பணம் போனது அங்கேதான். பாலிசியில் போட்டிருக்கும் ஐ.டி.வி.யோ, அதாவது காப்பீட்டு மதிப்போ, வெறும் வண்டிக்கு. பொருத்திய ஒவ்வொன்றையும் எலக்ட்ரிக்கல், நான்-எலக்ட்ரிக்கல் என்று பிரித்து, மதிப்போடு பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். பழைய மோட்டார் டாரிஃப் கணக்குப்படி 1 லட்சம் ரூபாய் எலக்ட்ரிக்கல் சாமானுக்கு வருஷம் 4,000 ரூபாய். இன்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தச்சுக்காரர் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிற கணக்கு சர்வேயரிடம் செல்லாது. ஜி.எஸ்.டி. பில்லும், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோவும் வேண்டும். உள்ளே வைத்த துணிமணி, செல்போன், பாத்திரமெல்லாம் மோட்டார் பாலிசியில் வராது.

ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆன் காருக்கு இல்லாவிட்டாலும் இந்த வண்டிக்கு அவசியம் என்பேன். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு 50 சதவீதமும் ஃபைபருக்கு 30 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். கேம்பரில் பாதிக்குமேல் அந்தச் சரக்குதானே. நாம் சேர்த்த சாமானுக்கும் இந்த ஆட்-ஆன் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆனைப் பற்றித் தம்பானூரில் மழைவெள்ளம் பார்த்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் கெட்டால் சாதாரண பாலிசி கைகொடுக்காது.

'டீசல் காசு மட்டும் தா' என்று சொந்தக்காரருக்கு வண்டி கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். சொந்த உபயோகப் பாலிசியில் வாடகை ஓட்டம் கிடையாது. கை மாறும் காசை நாம் என்ன பெயரிட்டு அழைத்தாலும் தகராறுக்கு வழிதான். வாடகைக்கு விடுவதென்றால் பெர்மிட்டும் பாலிசியும் வேறு.

இடவப்பாதி மழையில் வண்டி சும்மாதானே நிற்கிறது என்று பாலிசியைக் காலாவதியாக விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 90 நாள் தாண்டினால் நோ க்ளெய்ம் போனஸ் மொத்தமும் போய்விடும். அதோடு, சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கிடங்கை ஒட்டி நிறுத்துகிறவர்கள், எலி கடித்த வயரிங்குக்குப் பணம் கிடைக்குமா என்பதையும் ஏஜெண்டிடம் கேட்டுவிடுங்கள்.